மாப்பிள்ளை வந்தால் டிரைவ் எழுத்து மாறும்

ஹார்டு டிஸ்க்கை ஃபார்மட் செய்வது உலகத்திலேயே சுலபமான வேலை. ஒரு வரி அடிக்க வேண்டும். "எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா?" என்று அது கேட்கும். ஒய் என்ற ஒரே ஒரு எழுத்தைத் தட்ட வேண்டும். பழக்கினால் கிளி ஜோசியக்காரரின் கிளிகூடச் செய்துவிடும். இதற்குப் போய் உங்களுக்கு மாதக்கணக்கில் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். எந்தக் கட்டளையை எப்போது அடிப்பது என்று வகுப்பில் சொல்லித் தருவார்கள். போகிற வீட்டில் இருக்கும் மாப்பிள்ளையை என்ன செய்வது என்று சொல்லித் தர மாட்டார்கள். ரிடையர் ஆன என்னைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசச் சொன்னதால், அந்தப் பாடத்தை நான் எடுக்கிறேன்.

தொண்ணூறுகளின் பின்பாதி. தி. நகரில் உஸ்மான் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், மாடியில் இருந்தது நான் வேலை பார்த்த கடை. உதிரி பாகங்களை வாங்கிக் கம்ப்யூட்டராகப் பூட்டி, வீடுகளில் கொண்டுபோய் வைத்துக் கொடுப்போம். வைத்துக் கொடுப்பவள் நான். மேற்கு மாம்பலத்திலிருந்து மொபெட்டில் வருவேன். எந்த வீட்டு மணியை அடித்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"எஞ்சினியர் பின்னால வராராம்மா?"

"நான்தான் சார் எஞ்சினியர்."

அதற்குப் பிறகு ஒரு மௌனம் வரும். கரண்ட் போனதும் ஒரு கணம் எல்லோரும் பேச்சை நிறுத்துவார்களே, அந்த மாதிரி.

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு வக்கீல் வீட்டிலும் அந்த மௌனம் கிடைத்தது. தலைமுறைகளாக மயிலாப்பூர்க் குளத்தங்கரையில் இருந்துவிட்டு, ஃப்ளாட்டுக்கு மாறி வந்த குடும்பம். வக்கீல் சாருக்கு சிவில் வழக்குகள்தான் தொழில், அதிலும் பாகப்பிரிவினை. சொத்துக்காக அண்ணன் தம்பிகள் முகத்தில் முழிக்காமல் போவதைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர். மாமி வீட்டிலேயே பாட்டு சொல்லிக் கொடுத்தார். கம்ப்யூட்டர் வாங்கியது இளைய பெண் வசுதாவுக்காக. அவள் பறவை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அடையாறு ஆறு கடலில் சேரும் இடத்தில், விடிகாலையில் முழங்கால் சேற்றில் நின்று, எந்த மாதம் எந்தப் பறவை எத்தனை வந்தது என்று எண்ணுவாள். அதையெல்லாம் ஏற்றி ஆய்வேட்டை எழுத ஒரு மெஷின் வேண்டும்.

இவர்கள் மூன்று பேரோடு விஷயம் முடிந்திருந்தால் நானும் அரை நாளில் வேலையை முடித்திருப்பேன். நான்காவதாக ஒருவர் இருந்தார். மூத்த பெண்ணின் கணவர். அடையாறில் தனிக்குடித்தனம். பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. அங்கே அவர் என்ன செய்கிறார் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. பெரியதாக ஏதோ செய்கிறார் என்று மட்டும் தெரியும். அவர் ஒரு கருத்தைச் சொன்னால், மாமனார் வீட்டில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. நான் பெட்டியைப் பிரித்தபோது அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். மேற்பார்வை.

"டிஸ்க்கை ரெண்டா பிரிச்சுடறேன் சார்" என்றேன். "விண்டோஸ் சி டிரைவ்ல. நீங்க எழுதற ஃபைல் எல்லாம் டி டிரைவ்ல."

"எதுக்கு?" என்றார் மாப்பிள்ளை. "பார்ட்டிஷன்லாம் ஓல்டு கான்செப்ட். எங்க கம்பெனில எல்லா மெஷின்லயும் ஒரே சி டிரைவ்தான். நீட்டா இருக்கும்."

வக்கீல் சார் பேப்பரை மடக்கினார். பார்ட்டிஷன் என்ற சொல் காதில் விழுந்துவிட்டது.

"பார்ட்டிஷனா? என்னம்மா சொல்றே? எங்காத்துல அந்த வார்த்தையே எடுக்கப்படாது. அது எங்க ஆரம்பிச்சு எங்க முடியும்னு என்னைவிட யாருக்குத் தெரியும்? மாப்பிள்ளை சொல்றாப்ல ஒண்ணாவே இருக்கட்டும். ஒத்துமையா இருக்கட்டும்."

நாலு ஜிகாபைட் டிஸ்க்கின் குடும்ப ஒற்றுமைக்காக ஒரு வக்கீல் வாதாடியதை நான் அன்றுதான் பார்த்தேன். கடைக்குப் போன் போட்டு முதலாளியிடம் கேட்டேன். இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த ஒரே வழிகாட்டி அவர்தான். அவர் காட்டிய வழி இது:

"இத பாரும்மா, ஒண்ணா கேட்டா ஒண்ணா போடு, ஒம்போதா கேட்டா ஒம்போதா போட்டுக் குடு. உனக்கு இன்னா போச்சு? சட்டுனு கெளம்பி வா. நந்தனம் பார்ட்டி வெயிட் பண்ணிக்கினு கீறான்."

வழிகாட்டிகள் இப்படித்தான் அமைவார்கள். மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

எனக்கு என்ன போச்சு என்பது நியாயமான கேள்விதான். அந்தக் காலத்து விண்டோஸ், கோடைக்காலத்துத் தயிர் மாதிரி. காலையில் நன்றாக இருக்கும், சாயங்காலம் புளித்துப் போயிருக்கும். அப்புறம் டிரைவை வழித்துத் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டும். எல்லாம் ஒரே டிரைவில் கிடந்தால், விண்டோஸோடு அந்தப் பெண்ணின் பறவைகளும் போகும். இதை நான் விளக்கினேன். மாப்பிள்ளை புன்னகை செய்தார். தெரியாதவர்கள் பேசும்போது தெரிந்தவர்கள் செய்யும் புன்னகை. அதனால் விளக்கத்தை நிறுத்திவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"சரி சார், ஒண்ணாவே போட்டுடறேன். விண்டோஸ் கெட்டுப்போச்சுன்னா, ஃபைல் எல்லாத்தையும் வெளில எடுத்து வெச்சுட்டு, திரும்ப ஏத்தி, மறுபடி உள்ள வெக்கணும். ஒரு நாள் ஃபுல்லா ஆகும். அப்போ உங்க ஆபீஸுக்குப் போன் பண்ணி உங்களைக் கூப்பிடச் சொல்லட்டுமா?"

வசுதா உடனே, "அத்திம்பேர், உங்க டைரக்ட் நம்பர் என்ன?" என்றாள்.

மாப்பிள்ளை காலை இறக்கிக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் மானிட்டரைப் பார்த்தார். "ஹோம் யூஸுக்குன்னு பாத்தா, ரெண்டா போடறதுலயும் ஒரு லாஜிக் இருக்கு. நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றார்.

"பாத்தியா, மாப்பிள்ளையே சொல்லிட்டார்" என்றார் வக்கீல் சார். குடும்ப ஒற்றுமை அத்தோடு முடிந்தது. சி, டி என்று இரண்டாகப் பிரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

எது சரி என்று வாதாடாதீர்கள் என்பதைத்தான் இதிலிருந்து சொல்ல வருகிறேன். தப்பாகப் போனால் யார் வந்து உட்கார வேண்டியிருக்கும் என்று மட்டும் மரியாதையாகக் கேளுங்கள்.

இது முடிந்து ஒரு வருஷம் போல ஆகியிருக்கும். வசுதா பறவைப் படங்களையெல்லாம் ஸ்கேன் செய்து ஏற்றியதில் டி டிரைவ் நிரம்பிவிட்டது. இன்னொரு டிஸ்க் போட வேண்டும். எங்கள் கடைக்குப் போன் செய்திருக்கலாம். மாப்பிள்ளை இருக்கும்போது எதற்குக் கடை? அவரே ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய், முன்னதைவிடப் பெரிய டிஸ்க் ஒன்றை வாங்கிக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்க்ரூ டிரைவரோடு மாமனார் வீட்டுக்கு வந்து இறங்கினார்.

எங்கள் வீட்டில் அப்போது போன் கிடையாது. கீழ் போர்ஷன்காரர் வீட்டுக்கு வரும், அவர்கள் கூப்பிட்டுச் சொல்வார்கள். போய் எடுத்தேன். வசுதாவின் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"செல்வி அக்கா, டி டிரைவ் போயிடுத்து. திறக்கவே மாட்டேங்கறது. அத்திம்பேர் வைரஸ்ங்கறார். தீசிஸ் எல்லாம் அதுலதான் இருக்கு."

"பதறாதீங்க. இப்ப அவர் என்ன பண்றார்?"

"புது டிஸ்க்கை ஃபார்மட் பண்ணப் போறார். அது இ டிரைவாம். அதை முடிச்சுட்டு டி டிரைவைப் பாக்கறேங்கறார்."

போனைக் காதில் வைத்தபடியே மொபெட் சாவி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். ஏன் என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து மெஷினில் டிரைவ் எழுத்துகள் பந்தி மாதிரி. புது டிஸ்க்கைப் பூட்டி அதில் முதன்மைப் பகுதி ஒன்றை உண்டாக்கினால், அது கடைசி இலைக்குப் போகாது. நேராக இரண்டாவது இலையில் போய் உட்காரும். ஏற்கெனவே அங்கே இருந்தவர் எழுந்து ஒரு இலை தள்ளிப் போக வேண்டும். ஆக, திறக்காத டி டிரைவ்தான் இன்னும் ஃபார்மட் செய்யாத புது டிஸ்க். திறக்காமல் என்ன செய்யும்? பழைய டி டிரைவ், பறவைகளோடும் ஆய்வேட்டோடும், இ என்ற எழுத்துக்குத் தள்ளி உட்கார்ந்திருந்தது. அதைத்தான் அவர் ஃபார்மட் செய்யப் போகிறார்.

"அவரை எதையும் தொட வேண்டாம்னு சொல்லுங்க. காப்பி ஏதாவது ஃப்ளாப்பில வெச்சிருக்கீங்களா?"

"முதல் ரெண்டு சேப்டர் இருக்கு. அதுல ஒண்ணு ரீட் ஆக மாட்டேங்கறது."

"நான் வரேன்."

பரீட்சையில் தோற்றால் மறுபடி எழுதலாம். பறவைகளிடம் போய், போன வருஷம் வந்த மாதிரியே இன்னொரு தடவை வந்து காட்டுங்கள், எண்ண வேண்டும் என்று கேட்க முடியாது. துரைசாமி சப்வேயில் இறங்கி ஏறி, ஞாயிற்றுக்கிழமை தி. நகர் கூட்டத்துக்குள் மொபெட்டை நுழைத்தபோது இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். புடவைக் கடைக்கு வந்த மொத்தச் சென்னையும் என் முன்னால் நின்றுகொண்டிருந்தது.

நான் உள்ளே போனபோது மாமியைத் தவிர எல்லோரும் அந்த அறையில் இருந்தார்கள்; மாமி எதிரே சமையலறையில் அடை வார்த்துக்கொண்டிருந்தார். திரையில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து. இ டிரைவில் உள்ள எல்லாம் அழியும், தொடரலாமா என்ற கேள்வி நின்று கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை இன்னும் ஒய் தட்டாததற்கு ஒரே காரணம், வைரஸ் எப்படிப் பரவுகிறது என்பதை மாமனாருக்கு விளக்கிக்கொண்டிருந்ததுதான். வசுதா அவர் நாற்காலிக்குப் பின்னால் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தொட வேண்டாம் என்று சொல்லிப் பார்த்து, அழுதும் முடித்திருந்தாள்.

"சார், ஒரு நிமிஷம்" என்றேன். "அது புது டிஸ்க் இல்லை சார். எழுத்து மாறியிருக்கு. டி-தான் புதுசு. வசுதாவோட ஃபைல் எல்லாம் இப்ப இ-ல இருக்கு."

"எழுத்து எப்படிம்மா மாறும்?" என்றார். "சி, டி பழசு. அடுத்து இ. ஏ பி சி டி படிச்சிருப்பேளோன்னோ?"

"இப்ப வேண்டாம்னு சொல்லிட்டு, இ-ல என்ன இருக்குன்னு ஒரு தடவை லிஸ்ட் எடுத்துப் பாத்துடலாம் சார். அரை நிமிஷம்."

அரை நிமிஷம்தான். ஆனால் அந்த அரை நிமிஷத்தின் முடிவில் இரண்டில் ஒன்று நடக்கும். நான் தப்பு என்று ஆகும், அல்லது அவர் தப்பு என்று ஆகும். மாமனார், மாமியார், மச்சினி முன்னால். அவர் மட்டும் தனியாக இருந்திருந்தால் கட்டாயம் பார்த்திருப்பார். அந்த ஒரு விஷயத்தில் அவர் மேல் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை.

"நீங்க எத்தனை வருஷமா ஃபீல்டுல இருக்கேள்?" என்றார்.

"மாப்பிள்ளை பெரிய கம்பெனில இருக்கார்மா" என்று வக்கீல் சார் சமாதானமாகச் சொன்னார்.

மாப்பிள்ளையின் விரல் கீபோர்டுக்குப் போனது. சுவரில் பிளக் எங்கே என்று தேடினேன். பின்னால், மேஜைக்கும் பீரோவுக்கும் நடுவில். நான் குனிந்து போவதற்குள் பறவைகள் போய்விடும். கையைத் தட்டிவிடலாமா என்றும் நினைத்தேன். அடுத்த வீட்டு மாப்பிள்ளையின் கையை ஒரு சர்வீஸ் எஞ்சினியர் தட்டிவிட்டால் என்ன ஆகும் என்று எந்த வகுப்பிலும் சொல்லியிருக்கவில்லை.

"மாப்பிள்ளை!"

மாமி. சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றார்.

"சித்த கையை எடுங்கோ. ராகுகாலம் நடக்கறது. புதுசா எதையும் ஆரம்பிக்க வேண்டாம்."

ஞாயிற்றுக்கிழமை. காலை வேளை. ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் சாயங்காலம் நாலரைக்கு என்பது மாம்பலத்தில் பிறந்த எனக்குத் தெரியும். மயிலாப்பூரில் பிறந்த வக்கீல் சாருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். அவர் சட்டென்று நிமிர்ந்தார். வாயைத் திறந்தார். எதிர்த்தரப்பு சாட்சி தேதியைத் தப்பாகச் சொன்னால் எப்படித் துள்ளுவாரோ அப்படி. மாமி அவரை ஒரு பார்வை பார்த்தார். வக்கீல் சார் வாயை மூடிக்கொண்டார். அவர் தொழிலில் செய்த மிகச் சிறந்த வாதம் அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

"நான் இதெல்லாம் நம்பறதில்லைம்மா" என்றார் மாப்பிள்ளை. விரல் இன்னும் அங்கேயேதான் இருந்தது.

"நீங்க நம்ப வேண்டாம். நான் நம்பறேன். அடை வார்த்தாச்சு, வெண்ணெய் வெச்சிருக்கேன். ஆறிப்போனா ரப்பராயிடும், வாங்கோ."

மாமியார் கூப்பிடுகிறார், அடை தயாராக இருக்கிறது. எந்தக் கம்பெனியில் எவ்வளவு பெரிய வேலையில் இருந்தால் என்ன? மாப்பிள்ளை எழுந்தார். "வந்து பாத்துக்கறேன், எதையும் தொடாதீங்கோ" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நான் தொட்டேன். வேண்டாம் என்று பதில் கொடுத்துவிட்டு, இ டிரைவில் இருப்பதையெல்லாம் பட்டியல் எடுத்தேன். ஆய்வேட்டின் அத்தியாயங்கள், மாத வாரியான கணக்குகள், படங்கள், எல்லாம் வரிசையாக ஏறி வந்தன. வசுதா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளை எழுப்பி, சி டிரைவில் மிச்சமிருந்த இடத்தில் அத்தியாயங்களையும் கணக்குகளையும் முதலில் பிரதி எடுத்தேன். பிறகு வீட்டில் இருந்த ஃப்ளாப்பிகளில் ஏற்றினோம். அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.  உள்ளே இன்னும் ஒரு அடை விழும் சத்தம் கேட்டது. "போதும்மா" என்றார் மாப்பிள்ளை. "இன்னும் ஒண்ணு" என்றார் மாமி. எங்களுக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. அவர் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருகிறார். நீங்கள் என்ன சொல்வீர்கள்? "பார்த்தீர்களா சார், நான் சொன்னதுதான் சரி" என்பீர்கள். உங்கள் வயதில் நானும் அதைத்தான் சொல்ல ஆசைப்பட்டேன். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் புது டிஸ்க் இன்னும் ஃபார்மட் ஆகவில்லை. ஸ்க்ரூ டிரைவர் அவர் கையில். அவமானப்பட்ட மனிதர் அடுத்த ஒரு மணி நேரத்தில் எதையெல்லாம் கழற்றுவார் என்று யாருக்குத் தெரியும்?

"சார், டி டிரைவ்ல ஏதோ பிரச்சினைன்னு நீங்க சொன்னது சரிதான்" என்றேன். "அதை ஃபார்மட் பண்ணாத்தான் சரியாகும்போல. ஃபைல் எல்லாம் இ-ல பத்திரமா இருக்கு, பாத்துட்டேன். நீங்களே பண்ணிடறீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். அங்கே இ டிரைவின் பட்டியல் நான் விட்ட இடத்தில் அப்படியே இருந்தது. அதைப் படித்தார். மேலிருந்து கீழே நிதானமாகப் படித்தார். அவருடைய காது மடல் சிவந்தது. முட்டாள் இல்லை அவர். அந்த நொடியில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று எனக்கும் புரிந்தது.

"அதான், நான் முதல்லயே சொன்னேனே, டி-லதான் ப்ராப்ளம்" என்றார், மெதுவாக.

டி-யை அவரே ஃபார்மட் செய்தார். ஒய் தட்டுவதற்கு முன்னால், திரையில் வந்த அளவு புது டிஸ்க்கின் அளவுதானா என்று நான் பார்த்துக்கொண்டேன். அவரும் பார்த்தார். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு பார்த்தார்.

டி டிரைவ் திறந்தது. "எப்படி மாப்பிள்ளை!" என்றார் வக்கீல் சார். அந்தக் குடும்பத்தில் இன்றைக்கும், வசுதாவின் ஆய்வேட்டை வைரஸிலிருந்து காப்பாற்றியவர் மாப்பிள்ளைதான். கல்யாண வீடுகளில் அந்தக் கதை சொல்லப்படுவதாகக் கேள்வி. புகழ் வேண்டும் என்றால் நீங்கள் வேறு தொழிலுக்குப் போங்கள். பாட்டுப் பாடலாம்.

கிளம்பும்போது மாமி லிஃப்ட் வரைக்கும் வந்தார். கையில் ஒரு டிபன் டப்பா. எனக்கும் இரண்டு அடை.

"மாமி, ஞாயித்துக்கிழமை காலைல ராகுகாலமா?" என்றேன்.

"உனக்கும் தெரியுமோ?" என்று சிரித்தார். "நேக்கு உங்க சி, டி எதுவும் புரியாதுடீ. உன் மூஞ்சியைப் பாத்தேன். அடுப்புல பாலை வெச்சுட்டு மறந்தவ, திடீர்னு ஞாபகம் வந்து ஓடுவாளே, அந்த மூஞ்சி. அதான் கையை எடுக்கச் சொன்னேன்."

"உண்மையைச் சொல்லியே நிறுத்தியிருக்கலாமே?"

"நீ அதைத்தானே சொன்னே? நிறுத்தினாரா?"

டப்பாவை வாங்கிக்கொண்டு லிஃப்ட்டில் ஏறினேன். கீழே மொபெட்டைக் கிளப்பும்போது மாப்பிள்ளையும் படியிறங்கி வந்தார். எனக்காகவே வந்தார் என்று தெரிந்தது. ஏதோ சொல்ல வந்து, இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்து, நான் அடக்கமாக முகத்தை வைத்துக்கொண்டேன்.

"உங்ககிட்ட நாலெட்ஜ் இருக்கு, இல்லேங்கலை" என்றார். "ஆனா ரொம்பப் பயப்படறேள். இந்த ஃபீல்டுல முன்னுக்கு வரணும்னா அந்தப் பயம் போகணும்."

"சரி சார்" என்றேன்.

போகவில்லை. அதற்கப்புறம் எத்தனையோ வீடுகள், ஆபீஸ்கள், எத்தனையோ டிஸ்க்குகள். ஒவ்வொரு தடவையும் அந்தக் கேள்வி திரையில் வந்ததும் கையை எடுத்துக்கொள்வேன், ஆரம்பத்திலிருந்து படிப்பேன், பக்கத்தில் நிற்பவர்கள் பொறுமை இழந்து பெருமூச்சு விடுவார்கள். அவர் சொன்னது பலித்தது. நான் அப்படியொன்றும் முன்னுக்கு வரவில்லை. பயந்துகொண்டே வேலை பார்த்து, பயந்துகொண்டே ரிடையர் ஆனேன். ஒரு வீட்டுப் பறவையும் என் கையில் சாகவில்லை.